மூன்று கால் தவளையும் மூடிய யன்னலும்

புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலருகே, வாயில் நாணயம் கவ்விய மூன்று கால் தவளை. "பெங்சுயி சாமான். வியாபாரம் விருத்தியாகுமாம்" என்றார். பின்னால் விலைபோகாத துணிப் பொதிகள் கூரை வரை கிடந்தன. யன்னல் அவற்றுக்கும் பின்னால். பட்டப்பகலில் மின்குமிழ் எரிந்தது.

சீன மொழியில் பெங் என்றால் காற்று, சுயி என்றால் நீர். கல்லறைக்கும் வீட்டுக்கும் இடம் பார்க்கும் பழைய முறை. பின்னால் மலை, வாசல் தெற்கே என்பார்கள். வடக்கின் குளிர்காற்றை மலை தடுக்கும். குளிர்கால வெயில் வாசலால் வரும். சீனக் காலநிலைக்கு அது சரி. நமக்கோ வெயிலை மறித்துக் காற்றை விட வேண்டும். தவளை ரிஸ்க் தரும் என்று நம்ப ஈமான் இடம் தராது. ஆனால் காற்றும் வெளிச்சமும் ஹராமல்லவே!

1960களின் தொடக்கத்தில் ஜெப்ரி பாவா கொழும்பில் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டில் அறைகள் நடுமுற்றத்தைச் சுற்றி அமைந்தன. (பாவாவின் தந்தைவழிப் பாட்டனார் முஸ்லிம்.) காலிக் கோட்டையின் பழைய வீடுகளிலும் முற்றம் உண்டு. உஷ்ணக் காற்று அதன் வழியே மேலே போய்விடும். சிறு காணிக்காரர் எதிரெதிர்ச் சுவர்களில் யன்னல் வைக்கலாம். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று ஓடாது.

பொதிகளைக் கழிவு விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்றேன். "நட்டமாகுமே?" என்றார். முடங்கிய காசு கைக்கு வரும், யன்னலும் திறக்கும் என்றேன்.

மறுமாதம் போனபோது பாதிப் பொதிகள் இல்லை. தவளை பேரப்பிள்ளையின் கையில் இருந்தது.