புத்தகத்தை மூடிய பிறகு யார் பெயர் நினைவிருக்கிறது?

எங்கள் வாசகர் வட்டம் மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கூடும். பத்துப் பேர் வந்தால் அது பெரிய கூட்டம். நாவல், சிறுகதை, வாழ்க்கை வரலாறு என்று போய்க்கொண்டிருந்த எங்கள் பட்டியலில், பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் புதிதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். தொடர் கொலையாளிகளையும் பெண்களை வேட்டையாடியவர்களையும் பற்றிய உண்மைக் குற்ற நூல்கள்.

"அக்கா, படிக்க வேற நல்ல புத்தகமே கிடைக்கலையா?" என்றார் டாக்சி ஓட்டும் அண்ணன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், "இதையெல்லாம் படித்தால் ராத்திரி தூக்கம் வருமா?" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் விருப்பமில்லை. பிறர் பட்ட வேதனையைத் தேநீரும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்து பேசுவது சரியா என்ற உறுத்தல் இருந்தது. ஆனால் நூலகத்தில் இந்த வகைப் புத்தகங்கள் கைமாறிக்கொண்டே இருப்பதையும் அவற்றை எடுத்துப்போவோரில் பலர் பெண்களாக இருப்பதையும் நான் கவனித்திருக்கிறேன். ஏன் படிக்கிறார்கள்? அதைத் தெரிந்துகொள்ளவாவது படிப்போம் என்று முடிவு செய்தோம். நான்கு மாதம் ஓடியது. அங்கே கேட்டவற்றை, பேசியவர்களின் சம்மதத்துடன் எழுதுகிறேன்.

பக்கத்து நாற்காலிக்காரன்

முதலில் எடுத்தது ஆன் ரூல் எழுதி 1980இல் வெளிவந்த 'த ஸ்டிரேஞ்சர் பிசைட் மீ'. அமெரிக்காவில் 1970களில் இளம்பெண்களைக் கடத்திக் கொன்ற டெட் பண்டியைப் பற்றியது. ரூல் முன்னாள் காவல்துறை அதிகாரி. 1971இல் சியாட்டலில், தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்கள் அழைக்கும் தொலைபேசி உதவி மையத்தில் இரவு நேரத் தொண்டூழியராக இருந்தார். அங்கே அவருடன் வேலை பார்த்த மாணவர்தான் பண்டி. ரூல் வீட்டுக்குக் கிளம்பும்போது கார் வரை துணைக்கு வந்து, கதவைப் பூட்டிக்கொள்ளும்படி சொல்லி அனுப்புவாராம்.

1974இல் அந்த மாநிலத்தில் பெண்கள் காணாமல் போகத் தொடங்கியபோது, கொலையாளி யாரென்று தெரியாத நிலையிலேயே அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுத ரூல் ஒப்பந்தம் போட்டார். தான் எழுதப்போவது தன் நண்பனைப் பற்றி என்று அப்போது அவருக்குத் தெரியாது. அந்த ஆண்டு ஜூலை 14ஆம் தேதி ஓர் ஏரிக்கரைப் பூங்காவில், கையில் கட்டுப் போட்டிருந்த ஒருவன் படகை நகர்த்த உதவி கேட்டு அழைத்துப் போனதில், ஒரே நாளில் பட்டப்பகலில் இரு பெண்கள் மறைந்தார்கள். அவன் தன் பெயர் டெட் என்று சொன்னதும் அவனிடம் வோக்ஸ்வேகன் கார் இருந்ததும் தெரிய வந்தபோது, ரூல் பண்டியின் பெயரைக் காவல்துறை நண்பர் ஒருவரிடம் கொடுத்தார். ஆயிரக்கணக்கான பெயர்களில் அதுவும் ஒன்றாகக் கிடந்தது. 30 கொலைகளை ஒப்புக்கொண்ட பண்டிக்கு 1989இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

இந்தப் புத்தகத்தைப் பற்றி எங்களுக்குள் இரண்டு கருத்துகள். "முகத்தைப் பார்த்து ஆளை எடைபோட முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது" என்றார் தமிழாசிரியர். டாக்சி அண்ணனுக்குக் கோபம். "கையில கட்டுப் போட்டவனுக்கு உதவப்போன பிள்ளைதான் செத்தது. அப்போ, யாருக்கும் உதவாதேன்னு பிள்ளைங்களை வளர்க்கவா? இந்தப் புத்தகம் எனக்கு என்னதான் சொல்லித் தருது?" என்றார். அதற்கு எங்களில் யாரிடமும் உடனே பதில் இல்லை.

தாதியாக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அக்கா வேறொன்றைக் கவனித்திருந்தார். பண்டிக்கு மரண தண்டனை விதித்த நீதிபதி, இவன் நல்ல வழக்கறிஞராக வந்திருக்கலாம் என்று அவனிடமே வருந்திச் சொல்லியிருக்கிறார். "செத்த பிள்ளைகள் என்னவாக வந்திருப்பார்கள் என்று யாராவது வருந்தினார்களா?" என்று கேட்டார் அக்கா. அந்தக் கேள்வி அடுத்த மூன்று மாதமும் எங்களை விடவில்லை.

தோ பாயோ, லோரோங் 7

இரண்டாவது மாதம் நம்மூருக்கே வந்தோம். பத்திரிகையாளர் ஆலன் ஜான் 1989இல் எழுதிய 'அன்ஹோலி டிரினிட்டி', தோ பாயோ கொலை வழக்கைப் பற்றியது. அட்ரியன் லிம் தன்னை ஓர் அருள்வாக்குக்காரன் என்று சொல்லிக்கொண்டு, அடுக்குமாடி வீட்டிலேயே சாமி படங்களை வைத்துப் பல ஆண்டுகள் பெண்களை ஏமாற்றிச் சீரழித்தான். கரியேற்றிய ஊசிகளை முன்கூட்டியே முட்டைக்குள் செருகி வைத்திருந்து, உன் உடம்பிலிருந்த தீவினை வெளியே வந்துவிட்டது என்று உடைத்துக் காட்டுவான். ஒரு பெண் அவன்மீது பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்து, அவன் பிணையில் வெளியே இருந்த சமயத்தில்தான், 1981இன் தொடக்கத்தில் இரண்டு சிறுபிள்ளைகள் கொல்லப்பட்டார்கள். அவனும் அவனுக்குத் துணைபோன மனைவியும் காதலியும் 1988 நவம்பர் 25ஆம் தேதி தூக்கிலிடப்பட்டனர்.

இதைப் பேசும்போது யாருக்கும் தூரத்துக் கதை என்ற எண்ணம் வரவில்லை. டாக்சி அண்ணன் அப்போது தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாராம். "புளோக்குக்குக் கீழே விளையாடவே விடமாட்டாங்க. யாராவது மிட்டாய் கொடுத்தா ஓடிவந்துடணும்னு எங்கம்மா தினமும் சொல்வாங்க" என்றார். பிறகு, "ஆனா அவன் வீட்டுக்குப் போனவங்க யாரையும் மிட்டாய் கொடுத்துக் கூட்டிப்போகலையே. தலைவலி, புருஷன்கூடச் சண்டை, மனசு சரியில்லைன்னு அவங்களாத்தானே போனாங்க. சிலரைப் பெத்தவங்களே கூட்டிப்போயிருக்காங்க" என்றார்.

அவனுக்குத் துணைபோன இரு பெண்களும்கூட முதலில் குறைதீர அவனிடம் வந்தவர்கள்தான். அவர்கள் இரையா, வேட்டைக்காரர்களா? மனநிலை பாதிக்கப்பட்டிருந்ததாக முன்வைத்த வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. எங்கள் மேசையில் அன்று தீர்ப்பே வரவில்லை. நூலகத்தைப் பூட்டும் நேரம்தான் வந்தது.

நினைவில் நிற்கும் முகம்

சென்னையிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட பொறியாளர் ஒருவரும் எங்கள் வட்டத்தில் உண்டு. தமிழில் இப்படிப்பட்ட எழுத்து என்றால் அவருக்கு முதலில் நினைவு வருவது ஆட்டோ சங்கர். திருவான்மியூரில் கள்ளச்சாராயமும் விபசாரத் தொழிலும் நடத்தி, ஆறு கொலைகளுக்காக 1995இல் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டவன். சிறையில் அவன் எழுதிய தன்கதையை 'நக்கீரன்' வெளியிட முனைந்தபோது, அதில் அதிகாரிகள் சிலரின் தொடர்பும் பேசப்பட்டதால் தடை வந்தது. வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போயிற்று.

"சங்கரோட முகம் இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு. ஆனா செத்தவங்க யாருன்னு கேட்டா ஒரு பேர்கூட எனக்குத் தெரியாது" என்றார் பொறியாளர். சொல்லிவிட்டு, தாதி அக்காவைப் பார்த்தார்.

அந்த வழக்கில் 1994 அக்டோபரில் வந்த தீர்ப்பை, சட்டம் படித்த ஓர் உறுப்பினர் எங்களுக்கு விளக்கினார். அரசு முன்கூட்டியே வெளியீட்டைத் தடுக்க முடியாது, நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் உள்ளதை எழுதலாம் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஒரு விதிவிலக்கும் வைத்தது. பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயரையும் நடந்ததையும் ஊடகங்களில் பரப்பி, அவருக்கு மேலும் அவமானம் சேர்க்கக் கூடாது என்றது. கொலையாளியின் கதையை வைத்து எழுந்த வழக்கு, பாதிக்கப்பட்டவரின் மானத்தையும் பேசியிருக்கிறது. எங்களில் பலருக்கு அது புதிய செய்தி.

ஐந்து பெண்கள்

மூன்றாவது மாதப் புத்தகம், அந்தக் கல்லூரி மாணவி கொண்டுவந்தது. ஹாலி ரூபன்ஹோல்ட் எழுதிய 'த ஃபைவ்'. 2019இல் வெளிவந்து அதே ஆண்டு பெய்லி கிஃபோர்ட் பரிசு பெற்றது. 1888 ஆகஸ்ட் 31 முதல் நவம்பர் 9 வரை லண்டன் வைட்சேப்பலில் கொல்லப்பட்ட ஐந்து பெண்களின் வாழ்க்கை அதில் இருக்கிறது. 'ஜாக் த ரிப்பர்' என்ற பெயர் உலகத்துக்கே தெரியும். ஆனால் மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எடோஸ், மேரி ஜேன் கெல்லி என்று அடுக்கிச் சொல்ல எத்தனை பேரால் முடியும்?

இந்த நூலில் கொலைகள் வருணிக்கப்படவில்லை. கொலையாளி யார் என்ற ஆராய்ச்சியும் இல்லை. கொல்லரின் மகளாகப் பிறந்து, அச்சுத் தொழிலாளியை மணந்து, பிள்ளைகள் பெற்று, குடும்பம் உடைந்து, கடைசி இரவில் படுக்கைக்கு நான்கு பென்ஸ் இல்லாமல் தெருவில் நின்ற நிக்கல்ஸ் இருக்கிறார். ஐவரையுமே விலைமாதர் என்று நூறாண்டுக்கு மேலாக எழுதிவந்தார்கள். அவர்களில் மூவர் விஷயத்தில் அதற்கு ஆதாரமே இல்லை என்கிறார் ரூபன்ஹோல்ட். இறுதியில், அந்தப் பெண்களிடம் இருந்த பொருட்களின் பட்டியல் வருகிறது. நிக்கல்ஸிடம் இருந்தவை ஒரு சீப்பு, ஒரு வெள்ளைக் கைக்குட்டை, உடைந்த கண்ணாடித் துண்டு.

"கொலையே இல்லாத கொலைப் புத்தகம். ஆனா இதுக்குத்தான் நான் அழுதேன்" என்றார் மாணவி. தூக்கம் வராது என்று பயந்த தமிழாசிரியர் இதை இரண்டு முறை படித்திருந்தார்.

அப்போது பொறியாளர் கேட்டார்: "உச்ச நீதிமன்றம் பேரைச் சொல்லாதேங்குது. இந்தம்மா பேரைச் சொல்லுங்கன்னு எழுதுறாங்க. எது சரி?"

தாதி அக்கா சற்று யோசித்துச் சொன்னார்: "உயிரோட இருக்கிறவங்க பேரை அவங்கதான் சொல்லணும், சார். செத்தவங்க பேரை நாமதான் சொல்லணும்."

கடைசியாகப் பேசியவர்

நான்காவது மாதம், மிஷெல் மெக்நமாராவின் 'ஐ வில் பி கான் இன் த டார்க்'. கலிஃபோர்னியாவில் 1970களிலும் 80களிலும் வீடு புகுந்து பெண்களைச் சீரழித்து, பின்னர் கொலையிலும் இறங்கிய ஒருவனை அவர் பல ஆண்டுகள் தேடினார். புத்தகம் முடியும் முன்பே 2016இல், 46 வயதில் இறந்துபோனார். மற்றவர்கள் முடித்துக்கொடுக்க, 2018 பிப்ரவரியில் நூல் வந்தது. இரண்டே மாதத்தில், உறவினர் வழி மரபணுத் தேடல் மூலம் ஜோசப் டிஏஞ்சலோ பிடிபட்டான். 72 வயது முதியவர். முன்னாள் காவலர்.

எங்கள் வட்டத்தில் எழுபது வயதை நெருங்கும் ஓர் அம்மா இருக்கிறார். மூன்று மாதமும் வந்தார், பேசவே இல்லை. அன்று பேசினார்.

"நீங்க எல்லாரும் பயத்தைப் பத்திப் பேசுறீங்க. நான் பயத்துக்காகப் படிக்கலை. இந்த மாதிரிப் புத்தகத்துல கடைசியில யாராவது ஒருத்தர் அந்தப் பொண்ணு சொல்றதை நம்புறாங்க. அதுக்காகத்தான் படிக்கிறேன்."

பன்னிரண்டு வயதில் தனக்கு நேர்ந்ததை இரண்டே வாக்கியத்தில் சொன்னார். செய்தவர், வீட்டுக்கு வந்துபோகும், எல்லாரும் மதித்த ஒருவர். அம்மாவிடம் சொன்னபோது, "வெளியில சொல்லிடாதே" என்ற பதில்தான் கிடைத்ததாம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் சொல்லவில்லை.

2020 ஆகஸ்டில் டிஏஞ்சலோவின் தண்டனை விசாரணையில், தப்பிப் பிழைத்த பெண்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து அவன் முகத்துக்கு நேரே பேசினார்கள். அவன் 13 கொலைகளை ஒப்புக்கொண்டான். காலம் கடந்துவிட்டதால் வழக்குத் தொடர முடியாமல் போன பாலியல் குற்றங்களையும் செய்ததாக ஒப்புக்கொண்டான். "நாற்பது வருஷம் கழிச்சுக்கூட அவங்களை நிக்கவெச்சு, சொல்லும்மான்னு கேட்டாங்க. அந்தக் காட்சியை நினைச்சா எனக்கு நிம்மதியா இருக்கு" என்றார் அந்த அம்மா.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. தாதி அக்கா எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்சி அண்ணன் மெல்ல, "அம்மா, நாங்க நம்புறோம்" என்றார்.

முதல் மாதம் அவர் கேட்ட கேள்விக்கு அவரே சொன்ன பதில் அது என்று எனக்குத் தோன்றியது. யாருக்கும் உதவாதே என்று பிள்ளைகளை வளர்க்க முடியாது. எல்லா முகத்தையும் சந்தேகிக்கவும் முடியாது. பிள்ளை வந்து ஒன்றைச் சொன்னால், சொல்லப்படுபவர் எவ்வளவு மதிப்புள்ளவராக இருந்தாலும், காது கொடுத்துக் கேட்க முடியும்.

இந்த வகைப் புத்தகங்கள் எல்லாமே நல்லவை என்று சொல்ல மாட்டேன். கொலைகாரனைக் கதாநாயகனாக்கி, அவன் புத்திசாலித்தனத்தை வியந்துகொண்டே போகும் நூல்கள் நிறைய உண்டு. அவற்றைப் பாதியிலேயே கீழே வைத்துவிடுகிறேன். தாதி அக்கா கேட்ட கேள்விதான் இப்போது என் அளவுகோல். முடித்து மூடியபின் யார் பெயர் நினைவில் நிற்கிறது, யார் வாழ்க்கை கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்க்கிறேன்.

ஐந்தாவது மாதத்துக்கு ஒரு சிறுகதைத் தொகுப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அதை முன்மொழிந்தவர் அந்த அம்மா.