பனி விழுந்தால் பார்ஸ்னிப் இனிக்கும்… தெரியுமா?

குளிர்தேசம் என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? மொட்டை மரம், வெள்ளைத் தரை, கம்பளிக் குல்லாய்! அங்கே போய் ஒருவர் டிசம்பர் மாதத்தில் வீட்டுக் கொல்லையில் சாலட் கீரை பறிக்கிறார் என்றால் நம்புவோமா? பறிக்கிறார்கள் ஐயா, இலைமேல் படிந்த பனியைத் தட்டிவிட்டுப் பறிக்கிறார்கள்! குளிர் படாவிட்டால் ருசிக்காத காய் உண்டு. குளிர் படாவிட்டால் பூக்காத செடி உண்டு. இருட்டில் போட்டு வைத்தால்தான் விலை ஏறும் கீரைகூட உண்டு! லண்டனிலோ டொராண்டோவிலோ ஒஸ்லோவிலோ நாலு தொட்டி வைத்திருப்பவர்கள் கூடுதல் அக்கறையோடு படிக்கலாம். ஊட்டிக்காரர்களுக்குப் பாதி தெரிந்திருக்கும். மற்றவர்கள் மூக்கில் விரல் வைக்கத் தயாராகுங்கள்!

செடியே சர்க்கரை காய்ச்சும், தெரியுமா?

கேரட்டுக்குத் தாயாதி பார்ஸ்னிப். பார்க்க வெளுத்த கேரட் மாதிரி இருக்கும். இங்கிலாந்தின் பழந்தோட்டக்காரர்கள் முதல் உறைபனி விழும்வரை அதைத் தோண்டவே மாட்டார்கள். ஏன்? குளிர் ஏற ஏற, கிழங்கு தன்னிடம் சேர்த்து வைத்த மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கிக்கொள்கிறது! வெறும் தண்ணீர் 0 டிகிரியில் உறையும். சர்க்கரை கரைந்த தண்ணீரோ அதற்கும் கீழே போனால்தான் உறையும். தன் செல்கள் உறைந்து கிழியாமலிருக்கச் செடி செய்துகொள்ளும் ஏற்பாடு அது, இனிப்பு நமக்கு! கேல் கீரையும் கேரட்டும் பனிக்குப் பிறகு கூடுதலாக இனிப்பது இதனால்தான்.

செடியை நிறுத்துவது குளிரல்ல, பகல் குறைவது. தெரியுமா?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலம், ஹார்பர்சைட். பனி கொட்டும் ஊர். அங்கே பண்ணை நடத்தும் எலியட் கோல்மன் நிலப்படத்தை விரித்துப் பார்த்தார். தன் பண்ணை இருப்பது வடக்கே 44 டிகிரியில். தெற்குப் பிரான்ஸ் இருப்பதும் அதே 44-இல்! குளிர் வேறு, ஆனால் வெயில் விழும் நேரம் ஒன்றே. அப்படியானால் குளிரை மட்டும் சமாளித்தால் போதுமே? சூடேற்றாத பிளாஸ்டிக் கூடாரம், அதற்குள் செடிகள்மேல் மெல்லிய துணி, அவ்வளவுதான்! ஒவ்வொரு உறையும் தோட்டத்தை ஏறக்குறைய 500 மைல் தெற்கே நகர்த்தியதற்குச் சமம் என்பது அவர் கணக்கு.

இன்னொன்றையும் கவனித்தார். பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் செடிகளின் வளர்ச்சி ஏறத்தாழ நின்றுவிடுகிறது. லண்டனில் அக்டோபர் கடைசி முதல் பிப்ரவரி நடுப்பகுதிவரை இந்த நிலைதான். சென்னையில் டிசம்பரில்கூடப் பகல் 11 மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது, அதனால் நமக்கு இந்தச் சங்கதியே தெரியாது! இதற்கு உபாயம்? ஆகஸ்டிலேயே விதைத்துவிட வேண்டும். அக்டோபருக்குள் செடி ஆளாகிவிடும். பிறகு குளிர்காலம் முழுக்கத் தோட்டமே ஃபிரிட்ஜ். கீரை வளராது, கெடவும் கெடாது, வேண்டியபோது பறித்துக்கொள்ளலாம்!

லெட்யூஸ் விதைக்கு நிறம் பிரிக்கத் தெரியும், தெரியுமா?

1952-ஆம் ஆண்டு. மேரிலாந்தில் உள்ள பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையம். போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் ஈரமான லெட்யூஸ் விதைமேல் சிவப்பு ஒளி பாய்ச்சினார்கள், முளைத்தது. கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தொலைச்சிவப்பு ஒளி பாய்ச்சினார்கள், முளைக்கவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பாய்ச்சினால்? கடைசியாக எந்த ஒளி பட்டதோ, அதன் பேச்சைத்தான் விதை கேட்டது!

விதைக்கு எதற்கு இந்த வித்தை? மேலே பெரிய இலைகள் மூடியிருந்தால், அவை சிவப்பு ஒளியைக் குடித்துவிட்டுத் தொலைச்சிவப்பைக் கீழே அனுப்பும். ‘மேலே ஆள் இருக்கிறது, இப்போது எழுந்தால் பட்டினி’ என்று விதை புரிந்துகொண்டு தூங்கிவிடும்! ஆகவே லெட்யூஸ் விதையை ஆழப் புதைக்காதீர்கள். மண்ணைத் தூவினாற்போல் மூடினால் போதும். வெயிலும் அதற்கு ஆகாது: மண்ணின் சூடு 25, 30 டிகிரியைத் தாண்டினால் பல ரகங்கள் முளைக்க மறுத்துவிடும். ஐரோப்பாவில் கோடைக்காலத்தில் விதைப்பவர்கள் சாயங்காலமாகப் பார்த்து விதைப்பது அதனால்தான்.

முட்டைக்கோசும் நூக்கோலும் ஒரே இனம், தெரியுமா?

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பிராக்கோலி, நூக்கோல், கேல், பிரஸ்ஸல்ஸ் ஸ்பிரவுட்ஸ்… ஆறும் உறவுக்காரர்கள் அல்ல, ஒரே தாவர இனம்! ஐரோப்பியக் கடலோரப் பாறைகளில் வளரும் காட்டுக்கோசை வளர்த்தவர்கள், நுனி மொட்டு பெருத்ததைப் பொறுக்கி விதை எடுத்தார்கள், முட்டைக்கோஸ் வந்தது. தண்டு பருத்ததைப் பொறுக்கினார்கள், நூக்கோல்! பூங்கொத்தைப் பொறுக்கினார்கள், காலிஃபிளவர்!

ஜெர்சித் தீவில் இதே இனத்தில் ஒரு ரகம் 3 மீட்டர் உயரம்கூட வளரும். இலையை மாடு தின்னும். தண்டைக் காயவைத்து, வார்னிஷ் பூசிக் கைத்தடியாக விற்பார்கள்! அலாஸ்காவிலோ கதையே வேறு. அங்கே பால்மர் நகரச் சந்தைவிழாவில் 2012-இல் எடை போட்ட ஒரு முட்டைக்கோஸ் 62.71 கிலோ! ஒரு மனிதரின் எடை! கோடையில் 19 மணி நேரத்துக்கும் மேல் வெளிச்சம், உடம்பை வாட்டாத குளிர்ச்சி. கோஸ் இராப்பகலாகத் தின்று கொழுக்கிறது.

பூண்டு பல் பிரிக்கக் குளிர் வேண்டும், தெரியுமா?

குளிர்நாடுகளில் பூண்டை இலையுதிர்காலத்தில் ஊன்றுகிறார்கள். பனியில் சில வாரங்கள் நடுங்கினால்தான் அது பல் பல்லாகப் பிரியும். குளிர் போதாவிட்டால் வெங்காயம்போல் ஒரே உருண்டையாக நின்றுவிடும்!

கோசும் அப்படித்தான். வாரக்கணக்கில் குளிர் பட்டால்தான் பூக்க வேண்டும் என்ற எண்ணமே ஐரோப்பிய ரகங்களுக்கு வரும். சமவெளியில் தலை கட்டும், பூக்காது. அதனால் இந்தியாவில் அவற்றின் விதையை இமாச்சலத்தின் குலு பள்ளத்தாக்கு போன்ற குளிர்மலைகளில் எடுக்கிறார்கள்.

இருட்டறையில் விளையும் கீரை தெரியுமா?

நம் ஃபில்டர் காபியில் சேருகிறதே சிக்கரி, அதன் வேரைத்தான் வறுத்து அரைக்கிறோம். அதே இனத்து வேரை பெல்ஜியத்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? இலையை நறுக்கிவிட்டு, இருட்டு நிலவறையில் ஊன்றுகிறார்கள்! சில வாரங்களில் வெண்ணெய் நிறத்தில் கூம்பு கூம்பாகக் குருத்து எழும். வெளிச்சம் பட்டால் பச்சையாகும், கசப்பும் ஏறும். இருட்டில் இருந்தால் இளங்கசப்போடு நின்றுவிடும். 19-ஆம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸில் பிடித்துக்கொண்ட இந்தப் பழக்கத்தை, ஒரு வாளியும் கறுப்புத் துணியும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம்.

இங்கிலாந்தின் யார்க்ஷயரிலோ ருபார்ப்! புளிப்பான சிவப்புத் தண்டு. இரண்டு வருடம் வெட்டவெளியில் வளர்ந்து, உறைபனி பட்ட வேர்க்கட்டைகளைப் பெயர்த்து இருட்டுக் கொட்டகைக்குள் வைக்கிறார்கள். வெளிச்சம் தேடித் தேடித் தண்டு எழும் வேகத்தில், மொட்டு வெடிக்கும் ‘டப்’ சத்தம் காதில் விழும்! அறுவடை மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான். வீட்டுத் தோட்டத்திலும் ஜனவரியில் ருபார்ப் புதர்மேல் ஒரு வாளியைக் கவிழ்த்தால் இதே மாயம் நடக்கும். ஆனால் எச்சரிக்கை: தண்டு உணவு, இலை விஷம்!

காற்றுக்குச் சுவர் கட்டிக் கீரை வளர்ப்பவர்கள் தெரியுமா?

ஸ்காட்லாந்தின் வடகோடியில், 60 டிகிரியில், ஷெட்லாந்து தீவுகள். அங்கே குளிரைவிடக் காற்றுதான் பெரிய வில்லன்! அந்தக் காலத்துக் குடியானவர்கள் கல்லை அடுக்கிச் சின்ன வட்டச் சுவர் எழுப்பி, அதற்குள் கோஸ் நாற்று விட்டார்கள். இன்றைய வாரிசுகளோ சால்மன் மீன்பண்ணைகளில் கழித்துப்போட்ட குழாய்களை வளைத்து ‘பாலிகிரப்’ என்ற கூடாரம் கட்டித் தக்காளி பறிக்கிறார்கள்!

குளிரை ஏமாற்றிக் காய் பறிக்கும் ஆசை புதிதல்ல. ரோமப் பேரரசர் திபேரியஸுக்கு நாள் தவறாமல் வெள்ளரி வேண்டுமாம். தோட்டக்காரர்கள் சக்கரம் வைத்த பாத்தியை வெயிலுக்கு வெயில் உருட்டினார்கள், குளிர்நாளில் ஒளி புகும் கல்தகட்டால் மூடினார்கள் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கிரீன்ஹவுஸ்!

கோட்டை அகழியில் காய்கறி போட்டார்கள், தெரியுமா?

இரண்டாம் உலகப்போர். பிரிட்டனுக்கு வரும் உணவுக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் கவிழ்க்கின்றன. அரசு முழங்கியது: வெற்றிக்காகத் தோண்டு! பூங்கா, பள்ளி மைதானம், லண்டன் கோபுரத்தின் வற்றிய அகழி… எங்கும் காய்கறி! வாடகைப் பாத்திகள் சுமார் 14 லட்சத்தைத் தொட்டன. இரவில் எதிரி விமானங்களை நம் விமானிகள் வீழ்த்துவது கேரட் தின்பதால்தான் என்று வேறு பரப்பினார்கள். உண்மையில் விமானத்தில் ரகசியமாக ரேடார் இருந்தது! வைட்டமின் ஏ குறைந்தவருக்குக் கேரட் கண்ணுக்கு உதவும். மற்றவருக்கு ஆந்தைப் பார்வை வராது.

அந்தப் பாத்திகளுக்கு இன்றும் மவுசு. 1908-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இங்கிலாந்தில் ஊர்க்காரர் ஆறு பேர் சேர்ந்து பாத்தி வேண்டும் என்று எழுதிக் கேட்டால், உள்ளாட்சி மன்றம் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும். முழுப் பாத்தியின் அளவு சுமார் 250 சதுர மீட்டர். நம் கணக்கில் ஒரு கிரவுண்டுக்குச் சற்று மேல்!

பூமியின் அடிமுனையில் சாலட் தெரியுமா?

2018-இல் அண்டார்டிகாவின் நோய்மாயர் ஆராய்ச்சி நிலையத்தருகே ஒரு கன்டெய்னர். உள்ளே மண்ணும் இல்லை, வெயிலும் இல்லை. வேருக்குச் சத்துநீர்ச் சாரல், இலைக்கு எல்இடி வெளிச்சம். வெறும் 12.5 சதுர மீட்டரில் அந்த வருடம் அறுத்தது 268 கிலோ! லெட்யூஸ், வெள்ளரி, தக்காளி, எல்லாம். அதற்கு மூன்று வருடம் முன்பே, 2015 ஆகஸ்டில், விண்வெளி நிலையத்தில் விளைந்த சிவப்பு லெட்யூஸை அங்கேயே பறித்துத் தின்றுவிட்டார்கள் விண்வெளி வீரர்கள்!

கடைசியாக, விதை உங்கள் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது, தெரியுமா?

கொத்துமல்லிக்குச் சூடு ஆகாது. வெயில் ஏறினால் இலையை மறந்து பூக்க ஓடும். இளங்குளிரில்தான் நின்று நிதானமாகத் தழைக்கும், லேசான உறைபனியையும் தாங்கும். வெந்தயக்கீரையும் மிதமான குளிரில் சுகமாக வரும். குளிர்நாட்டு வசந்தம் என்றால் இரண்டுக்கும் மாமியார் இல்லாத புகுந்த வீடு! நாம் தனியா என்று ஒன்றாக எண்ணுவது விதையல்ல, காய். உள்ளே இருப்பவை இரண்டு விதைகள்! வறுக்காத தனியாவை உள்ளங்கையில் அழுத்தி இரண்டாக உடைத்து, ஒரு விரற்கடை ஆழத்தில் தூவுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு தொட்டி விதைத்துக்கொண்டே வந்தால், சூப்பர் மார்க்கெட்டில் நாலே நாலு காம்புக்குக் காசு கொட்ட வேண்டியதில்லை. ரசத்துக்குத் தாராளமாகவே கிள்ளிப் போடலாம்!