எஸ்டி-412 ஹார்ட் டிஸ்க்கும் அதன் கன்ட்ரோலர் கார்டும்

சீகேட், அமெரிக்கா, 1981. கொள்ளளவு 10 எம்பி.

இன்றைய கைப்பேசிப் படங்கள் மூன்று நான்கு போட்டாலே நிரம்பிவிடும். 1983-இல் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி கணினிக்கு இந்த அளவே பெருமையாக இருந்தது. எந்தத் தடத்துக்கு நகர வேண்டும், எந்த ஹெட் படிக்க வேண்டும் என்பதையெல்லாம் டிஸ்க் தானாக முடிவு செய்யாது, கார்டுதான் சொல்லும்.

அகலமான 34 கம்பிப் பட்டையில் கட்டளைகள் போகும். அதை இரண்டு டிஸ்க்குகள் பகிர்ந்துகொள்ளலாம். குறுகலான 20 கம்பிப் பட்டை தரவுக்கு, டிஸ்க்குக்கு ஒன்று. ஓரத்து வண்ணக் கோடு முதல் பின் இருக்கும் பக்கம் வர வேண்டும்.

அகலப் பட்டையில், டிஸ்க்குகளுக்கான இரு இணைப்பிகளுக்கு இடையே, 25 முதல் 29 வரையுள்ள கம்பிகள் முறுக்கியிருப்பதைப் பாருங்கள். இரண்டு டிஸ்க்கிலும் ஜம்பரை ஒரே மாதிரி வைத்தாலும் எது முதலாவது என்று கார்டு அறிவது இந்த முறுக்கால்தான். வம்பு என்னவென்றால், ஃபிளாப்பி கேபிளும் 34 கம்பிதான், அதிலும் முறுக்கு உண்டு. ஆனால் 10 முதல் 16 வரை. மாற்றிச் செருகினாலும் கச்சிதமாகப் பொருந்தும், கணினிதான் மக்கர் செய்யும்.

டெர்மினேட்டர் மின்தடை, கேபிளின் கடைசி டிஸ்க்கில் மட்டும்.