ஓய்வுக்காலப் பணமும் ஒரு கையெழுத்தும்

முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெறுகிறவருக்கு, வாழ்நாளிலேயே பெரிய தொகை கைக்கு வருவது அந்த ஓரிரு மாதங்களில்தான். பி.எஃப்., கிராஜுவிட்டி, விடுப்புச் சம்பளம் எல்லாம் அடுத்தடுத்து வங்கிக் கணக்கில் வந்து விழும். மாதச் சம்பளம் நின்றுபோவதும் அதே நேரத்தில்தான். இந்தப் பணத்துக்கு என்ன ஆபத்து என்று கேட்டால் விலைவாசி, மருத்துவச் செலவு, பங்குச்சந்தைச் சரிவு என்று பலரும் அடுக்குவார்கள். எதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் இவையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பவை. மொத்தப் பணமும் ஒரேயடியாகப் போன வழக்குகளைப் பார்த்தால், ஏதோ ஒரு தாளில் ஓய்வு பெற்றவரின் கையெழுத்து இருக்கும். அது ஜாமீன் பத்திரமாக, செட்டில்மென்ட் பத்திரமாக, டெபாசிட் விண்ணப்பமாக, காப்பீட்டுப் படிவமாக இருக்கலாம். இன்றைக்குத் தொலைபேசியில் சொல்லும் ஓ.டி.பி. எண்ணும் கையெழுத்துக்குச் சமம்தான். தன் மாத வருமானத்தை உறுதிசெய்யும் தாள்களைத் தவிர வேறெதிலும் முதல் ஓராண்டுக்குக் கையெழுத்துப் போடுவதில்லை என்று ஓய்வு பெறுகிறவர் முடிவெடுத்தால், பெரிய இழப்புகளில் பலவற்றைத் தவிர்க்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

இப்படிச் சொல்லச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. ஓய்வுக்காலப் பணம் வேறு பணத்தைப் போன்றதல்ல என்று நம் சட்டங்கள் வெகுகாலமாகக் கருதிவந்திருக்கின்றன. பி.எஃப். கணக்கில் இருக்கும் தொகையைக் கடன்காரர்கள் நீதிமன்றம் போய் ஜப்தி செய்ய முடியாது. கிராஜுவிட்டிக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் அதே பாதுகாப்பைக் கொடுத்தது. அரசு ஓய்வூதியத்தை ஜப்தி செய்வதை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60வது பிரிவு தடுக்கிறது. ஓய்வூதியத்தையும் பணிக்கொடையையும் வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்ட பிறகும் அந்தப் பாதுகாப்பு போய்விடாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, சட்டம் இந்தப் பணத்தைச் சுற்றி வேலி போட்டிருக்கிறது. அந்த வேலியை வெளியிலிருந்து யாரும் எளிதில் உடைக்க முடியாது. உள்ளே இருப்பவர் தானாகத் திறந்துவிட்டால் மட்டும் சட்டம் பெரும்பாலும் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது.

எவ்வளவு பணத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். தனியார் நிறுவனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் இ.பி.எஸ். ஓய்வூதியம் அவருடைய முழுச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. சம்பளம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு. 2014 செப்டம்பருக்கு முந்தைய பணிக்காலத்துக்கு அதுவும் 6,500 ரூபாய்தான். அதைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 1996இல் வேலைக்குச் சேர்ந்து முப்பது ஆண்டு உழைத்தவருக்கும் மாதம் ஐந்தாயிரத்தை எட்டாது. கூடுதல் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்து அது ஏற்கப்பட்டவர்கள் மட்டும் விதிவிலக்கு. கிராஜுவிட்டியோ ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 40,000 ரூபாய் வாங்கியவர் முப்பது ஆண்டு வேலை பார்த்திருந்தால், 40,000ஐ 26ஆல் வகுத்து, 15ஆலும் 30ஆலும் பெருக்க, 6,92,307 ரூபாய் வரும். இதை முப்பது நாளுக்குள் நிறுவனம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் வட்டியோடு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் மனு செய்யலாம். மாதம் ஐந்தாயிரம் ஓய்வூதியத்தை வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் இருபது ஆண்டு வாழ முடியாது. இனி வரவேண்டிய சம்பளமெல்லாம் மொத்தமாக முன்கூட்டியே வந்திருக்கிறது என்று இந்தத் தொகையைப் பார்ப்பதே சரியான பார்வை.

அப்படியிருந்தும் ஏன் கையெழுத்துப் போடுகிறார்கள்? பேராசை என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லிவிடுவது நியாயமாகாது. பல ஆண்டுகள் சம்பாதித்துப் போட்டவர், பத்துப் பேர் யோசனை கேட்டு வந்து நின்றவர், திடீரென்று ஒருநாள் யாருக்கும் தேவையில்லாதவராக உணர்கிறார். வீட்டில் தன் சொல்லுக்கு இருந்த மதிப்பு குறைகிறதோ என்று தோன்றுகிறது. கையில் இருக்கும் பணத்தைக் கொடுத்தால் பழைய இடம் திரும்பக் கிடைக்கும் என்று மனம் சொல்கிறது. மகனின் தொழிலுக்கு முதல், மகள் வீட்டுக்கு முன்பணம், தம்பியின் கடனுக்கு ஜாமீன் எல்லாமே ‘நான் இன்னும் கொடுக்கிற இடத்தில்தான் இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொள்ளும் வழிகள். இந்த மனநிலை நிலையானதல்ல. புதிய அன்றாடம் ஒன்று பழகப் பழக, பகுதிநேர வேலையோ சங்கப் பொறுப்போ பேரப்பிள்ளைகளின் படிப்போ அந்த வெறுமையைக் கொஞ்சம் நிரப்பும். அதற்கு மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் போட்ட கையெழுத்து மட்டும் ஆயுள் முழுக்க நிற்கும்.

ஜாமீனை எடுத்துக்கொள்வோம். ‘பேருக்குத்தான், நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியிருக்காது’ என்று சொல்லித்தான் கையெழுத்துக் கேட்பார்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128வது பிரிவு சொல்வது வேறு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. கடன் வாங்கியவரை முதலில் துரத்திவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்குக் கிடையாது. வீட்டை அடமானமாகக் கொடுத்திருந்தால், சர்ஃபாசி சட்டப்படி அறுபது நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வழக்குப் போடாமலேயே வங்கி அதைக் கையகப்படுத்த நடவடிக்கை எடுக்கலாம். மேலே சொன்ன ஜப்தித் தடை வீட்டுக்குப் பொருந்தாது.

வீடு என்றதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு வருகிறோம். தமிழ்நாட்டில் முதியோர் சந்திக்கும் சிக்கல்களில் நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். குடும்பத்துக்குள் எழுதிக்கொள்ளும் செட்டில்மென்டுக்கு முத்திரைக் கட்டணம் குறைவு, சில மணி நேரத்தில் பதிவு முடிந்துவிடும். பத்திரம் எழுதுபவர் வழக்கமான வாசகங்களைப் போட்டுவிடுவார். ‘உன்மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்’ என்று அது தொடங்கும். ‘இதை எக்காலத்திலும் எக்காரணம் கொண்டும் ரத்து செய்யவோ மாற்றவோ எனக்கு உரிமையில்லை’ என்று முடியும். வீட்டின் சொந்தக்காரர் அந்தக் கடைசி வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்ட நொடியிலிருந்து, அதே வீட்டில் பிள்ளையின் தயவில் குடியிருப்பவராகிறார். உயில் அப்படியல்ல. உயிரோடு இருக்கும்வரை வீடு எழுதியவருக்கே சொந்தம், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். இரண்டு சாட்சிகள் போதும், முத்திரைக் கட்டணமும் கிடையாது. பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவைப்பது நல்லது.

எழுதிக் கொடுத்த பிறகு பிள்ளை கைவிட்டால் என்ன வழி? 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இருக்கிறது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். மனுவைத் தொண்ணூறு நாளில் முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் இன்னும் முப்பது நாள் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது சட்டம். மாதப் பராமரிப்புத் தொகைக்கு அந்தச் சட்டம் வைத்த உச்சவரம்பு 10,000 ரூபாய். சொத்துக்கு 23வது பிரிவு. அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை வாங்கியவர் கவனிக்கத் தவறினால், மோசடியாகப் பெற்றதாகக் கருதி அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். ‘நிபந்தனையோடு’ என்ற இடத்தில்தான் சிக்கலே. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அப்படியொரு நிபந்தனை இருந்தது என்று நிரூபிக்காமல் 23வது பிரிவைப் பயன்படுத்த முடியாது என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியோருக்காக வந்த சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி ஒரு தாய்க்குச் சொத்தைத் திரும்ப வாங்கிக் கொடுத்தது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பினால் எழுதிக் கொடுக்கிறேன் என்பதிலேயே கவனித்துக்கொள்வார் என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று ஏற்றுக்கொண்டது. முதியோர் பக்கம் காற்று திரும்பியிருப்பது மகிழ்ச்சியான செய்தி. ஆனாலும் எழுபது வயதில் கோட்டாட்சியர் அலுவலகம், மேல்முறையீடு, உயர் நீதிமன்றம் என்று அலைவதற்குள் வீட்டைப் பிள்ளை வேறொருவருக்கு விற்றுவிட்டால் சிக்கல் இரட்டிப்பாகும். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் இரண்டு வாசகங்கள் பத்திரத்தில் இருக்கட்டும். ஒன்று, கணவன் மனைவி இருவருக்கும் ஆயுட்கால அனுபவ உரிமை. இன்னொன்று, கடைசிவரை பராமரிக்க வேண்டும், தவறினால் பத்திரம் ரத்தாகும் என்ற நிபந்தனை.

பெற்ற பிள்ளையிடம் நிபந்தனை எழுதி வாங்குவது அவனை அவமதிப்பதாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. மதிக்கத்தக்க கேள்விதான். நம் ஊரில் முதியோரைப் பெரும்பாலும் பிள்ளைகள்தான் காப்பாற்றுகிறார்கள், நீதிமன்றங்கள் அல்ல. ஆனால் நிபந்தனை வாசகம் நல்ல பிள்ளைக்கு எந்தச் சுமையையும் கூட்டுவதில்லை. அவன் எப்படியும் செய்யப்போவதைத்தான் அது எழுதிவைக்கிறது. அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீடு யார் கைக்குப் போகும் என்பதையும் யோசிக்க வேண்டும். மேலே சொன்ன சென்னை உயர் நீதிமன்ற வழக்கில் மகன் இறந்த பிறகும் தாய் தவித்தார். ஓராண்டுக் காத்திருப்பு என்றால் மகள் கல்யாணத்தைத் தள்ளிப்போட முடியுமா என்பதும் நியாயமான கேள்வியே. கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் இருவரின் மாதச் செலவுக்கும் மருத்துவத்துக்கும் ஒதுக்கிவிட்டு, மீதியிலிருந்து கொடுக்க வேண்டும். பணத்தையெல்லாம் கொடுத்துவிட்டுப் பிறகு மாத்திரைக்குக் கைநீட்டும் பெற்றோர், பிள்ளைகளுக்கு உதவியாக இருப்பதில்லை.

வெளியார் கேட்கும் கையெழுத்துகளைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் இதில் பாடம் கசப்பானது, தெளிவானது. ஆருத்ரா என்ற நிறுவனத்தின் மீதான மோசடி வழக்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகக் குற்றச்சாட்டு. மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்ற அறிவிப்பே எச்சரிக்கை மணியாக ஒலித்திருக்க வேண்டும். ஆனால் ஆசை காட்டாத இடத்திலும் ஆபத்து உண்டு. 1872 முதல் மயிலாப்பூரில் இயங்கிவந்த நிதி நிறுவனத்தில் முதிர்வுத் தொகை கிடைக்கவில்லை என்று 2024இல் ஏராளமான முதியோர் புகார் கொடுத்தார்கள். பழைமையை நம்பிப் போட்ட பணம் அது. வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு, கூட்டுறவு வங்கிகளுக்கும் உண்டு. நிதி நிறுவனங்களுக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அந்தக் காப்பீடு இல்லை. ஏமாந்தவர்கள் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். 1997ஆம் ஆண்டு தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டப்படி நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி விற்றுப் பங்கிட வழியிருக்கிறது. அதற்கு ஆண்டுகள் ஆகும், முழுத் தொகையும் வரும் என்ற உறுதி இல்லை. வங்கிக் கிளையிலேயே வைப்புத்தொகை என்று சொல்லி ஆயுள் காப்பீட்டைத் தலையில் கட்டியிருந்தால், பாலிசி கைக்கு வந்த முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். ஆயுள் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும் என்று கருவூலத்தின் பெயரில் அழைத்து ஓ.டி.பி. கேட்பவர்களும், ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டுபவர்களும் மோசடிக்காரர்களே. அப்படியொரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையான இழப்பு உங்களுடையது என்றது ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதி. அதனால் பணம் போனது தெரிந்த நிமிடமே வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அழைக்க வேண்டும்.

பணத்தைச் சும்மா வைத்திருந்தால் விலைவாசி தின்றுவிடாதா என்று கடைசியாகக் கேட்பார்கள். இருபது ஆண்டுக் கணக்கில் அது சரியான அச்சம். ஒரு பகுதியை வளரும் முதலீட்டில் வைப்பது தவறில்லை, அதை ஓராண்டு படித்துத் தெரிந்துகொண்டு செய்யலாம். அதுவரை பணம் சும்மா கிடக்க வேண்டியதுமில்லை. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த 8.2 சதவீத வட்டிக்கு, 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். அறுபது வயதாகாமல், 55 வயதுக்கு மேல் பணி ஓய்வு பெற்றவர்கள் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் சேர வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் தனியாக 9 லட்சம், கூட்டாக 15 லட்சம். இந்தத் தாள்களில் தயங்காமல் கையெழுத்துப் போடலாம், வாழ்க்கைத் துணையின் பெயரை நாமினியாக எழுதிக் கொடுக்கும் படிவங்களிலும்தான்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். அறுபது வயதைத் தாண்டியவர் வீட்டை எழுதிக் கொடுக்க வரும்போது, 23வது பிரிவு என்ன சொல்கிறது, நிபந்தனை சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சார்பதிவாளர் தமிழில் படித்துக் காட்டிவிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போதும். அது வரும்வரை, உங்கள் தெருவில் யாராவது ஓய்வு பெற்றால் அவருக்கு 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் குறித்துக் கொடுங்கள்.