சென்னை மெட்ரோ இரயில்பாதை

நம் ஊரினின்று இரயிலேறிச் சென்னை எழும்பூர் சேருவோர், அந்நிலையத்தின் அருகே நிலத்தடியில் மற்றொரு நிலையம் இருத்தலைக் காண்பர். அது மெட்ரோ இரயிலுக்குரியது. அப்பாதையின் முதற்கட்டம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர் நீளமுடையது. 2009-ஆம் ஆண்டில் தொடங்கிய வேலை 2019-இலேதான் நிறைவெய்திற்று. இத்துணைக் காலம் சென்றதேன் என ஆராய்வோம்.

அப்பாதையில் சுமார் 21 கிலோமீட்டர் தூண்களின்மீதும், 24 கிலோமீட்டர் நிலத்தடியிலும் செல்கின்றது. தூண்களை ஒரே சமயத்தில் பலவிடங்களில் எழுப்பலாம். ஆதலின் கோயம்பேடு முதல் ஆலந்தூர் வரையுள்ள மேம்பாதை 2015 ஜூன் 29-இல் முந்தித் திறக்கப்பெற்றது. சுரங்கமோ அத்தகையதன்று. இயந்திரம் முன்னே மண்ணைக் குடைய, பின்னே கான்கிரீட் வளையங்கள் ஒவ்வொன்றாய்ப் பொருத்தப்படும். நம் நாட்டுப்புறத்து உறைகிணற்றைப் படுக்கவைத்தாற்போல் எண்ணிக்கொள்க. சென்னை நிலமோ ஓரிடம் மணலும் களியும், ஓரிடம் கடும்பாறையுமாம். மண் சரியின் மேலேயுள்ள வீடுகளுக்கும் உயிர்களுக்கும் கேடு. ஆகவே முதற் சுரங்கப்பகுதி 2017 மே 14-இலும், எழும்பூர்ப் பகுதி 2018 மே 25-இலும் திறக்கப்பெற்றன. அண்ணாசாலைப் பகுதியிலோ ஒப்பந்தக்காரர் இடையில் விலகினமையால் வேலை தடைப்பட்டு, 2019 பிப்ரவரி 10-இலேயே வண்டி ஓடிற்று.

ஆகவே தாமதம் இருவகைத்து. மண்ணின் இயல்பாலும், இரயில் பாதுகாப்பு ஆணையரின் சோதனையாலும் நேர்வது பொறுக்கத்தக்கது; ஒப்பந்தம் முறிதலால் நேர்வது தடுக்கத்தக்கது. இரண்டாம் கட்டத்தையும் இவ்வளவுகோல் கொண்டே மதிப்பிடல் வேண்டும்.