ஊடாடும் மருந்துச் சோதனைத் தரவுக் காட்சிகள்: நிரல்கூறு அமைப்பின் பயனும் வரம்பும்

முன்னுரை

புதிய மருந்தொன்றை மனிதரிடம் சோதிக்கும் ஆய்வில் திரளும் தரவு, நெடுங்காலம் அச்சிட்ட அட்டவணைகளாகவே வாசிக்கப்பட்டு வந்தது. அட்டவணையில் ஓர் எண் ஐயத்தை எழுப்பினால், அந்த எண்ணுக்குப் பின்னுள்ள நோயாளியைக் காண மருத்துவர் புள்ளியியல் நிரலரிடம் வேறோர் அட்டவணையைக் கேட்டுக் காத்திருக்க வேண்டும். கேள்விக்கும் விடைக்கும் இடையிலான அக்காலத்தைச் சுருக்குவதே ஊடாடும் காட்சிப்படுத்தலின் முதல் நோக்கம். இத்தகைய காட்சிகளைத் தனித்தனி நிரல்கூறுகளாகக் கட்டும் முறையின் இயல்பையும், அது தரும் சுதந்திரம் எங்கே பிழைக்கு வழிவகுக்கும் என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஒரு புள்ளி, ஒரு நோயாளி

மருந்தினால் நேரும் கல்லீரல் பாதிப்பை எடுத்துக்கொள்வோம். கல்லீரல் செல்கள் சிதைந்து, அதனுடன் மஞ்சள்காமாலையும் சேர்ந்தால் 10 முதல் 50 விழுக்காட்டினர் இறக்கக்கூடும் என ஹைமன் சிம்மர்மன் கண்டார். அவர் பெயரால் ‘ஹை விதி’ என வழங்கும் இக்கருத்தின் அடிப்படையில், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் ‘ஈடிஷ்’ என்னும் வரைபடம் உருவாயிற்று. அதில் ஒவ்வொரு நோயாளியும் ஒரு புள்ளி. கிடை அச்சில் ஏஎல்டி நொதியின் உச்ச அளவும், செங்குத்து அச்சில் பிலிரூபினின் உச்ச அளவும் இயல்பின் மேல்வரம்பினது மடங்குகளாகக் குறிக்கப்படும். ஏஎல்டி 3 மடங்கையும் பிலிரூபின் 2 மடங்கையும் கடந்த புள்ளிகள் வலது மேற்கட்டத்தில் விழும். ஆயிரக்கணக்கானோர் பங்கேற்ற சோதனையிலும் அக்கட்டத்தில் இரண்டு மூன்று புள்ளிகளே இருக்கலாம். ஆயினும் ஒரு மருந்தின் தலைவிதியை அவை முடிவு செய்யக்கூடும்.

இவ்வரைபடத்தில் ஒரு மறைவும் உண்டு. இரு உச்சங்களும் ஒரே நாளில் நிகழ்ந்தவை என்பதற்கு உறுதியில்லை. முதல் மாதத்தில் ஏஎல்டி உயர்ந்து தணிந்து, ஆறாம் மாதத்தில் பித்தக்கல்லால் பிலிரூபின் உயர்ந்தவரும் அதே கட்டத்தில்தான் தோன்றுவார். அச்சிட்ட வரைபடம் இவ்வேறுபாட்டைக் காட்டாது. ஊடாடும் வடிவில் புள்ளியைச் சொடுக்கியதும் அந்நோயாளியின் ஆய்வக அளவுகள் நாள்வாரியாக விரிகின்றன. அல்கலைன் பாஸ்படேஸ் முதலிலேயே உயர்ந்திருந்ததா, உடன் வேறு மருந்து உட்கொண்டாரா என்பவற்றையும் அங்கேயே ஆராயலாம். ஊடாட்டம் அழகுக்கானதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நிரல்கூறும் தரவு ஒப்பந்தமும்

இவ்வரைபடத்தை ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாக எழுதுதல் வீண் உழைப்பு. ஒவ்வொரு முறையும் புதுப்பிழை நுழையவும் இடமுண்டு. ஆர் மொழியில் 2012இல் வெளிவந்த ‘ஷைனி’ இதற்கொரு தீர்வு தருகிறது. அதன் நிரல்கூறு, திரையில் தோன்றும் பகுதி, பின்னின்று கணக்கிடும் பகுதி என இரு செயற்கூறுகளைக் கொண்டது. ஒவ்வொரு நிரல்கூறுக்கும் தனிப் பெயர்வெளி உண்டாதலால், ஒரே வரைபடத்தை ஒரே செயலியில் இருமுறை வைத்தாலும் ஒன்றின் தெரிவு மற்றொன்றைக் குலைப்பதில்லை. ரோஷ் நிறுவனம் திறமூலமாக வெளியிட்ட ‘டீல்’ இதன்மேல் எழுந்த சட்டகம். தரவு, வடிகட்டிப் பலகம், பகுப்பாய்வு நிரல்கூறுகள் ஆகியவற்றை அது பிரித்து வைக்கிறது.

இப்பிரிவினைக்கு அடிப்படை நிரலன்று, தரவுத் தரநிலையே என்பது என் கருத்து. 2016 டிசம்பர் 17க்குப் பின் தொடங்கிய ஆய்வுகளின் தரவைப் புதிய மருந்து விண்ணப்பங்களில் சிடிஸ்க் தரநிலையில் அளிக்க வேண்டும் என அமெரிக்க நிர்வாகம் விதித்தது. நோயாளிக்கு ஒரு வரி கொண்ட கோப்பு ‘ஏடிஎஸ்எல்’. பாதக நிகழ்வுக்கு ஒரு வரி கொண்டது ‘ஏடிஏஈ’. நோயாளி அடையாள எண் இரண்டையும் இணைக்கிறது. மாறிகளின் பெயரும் பொருளும் நிலைபெற்றதனால்தான், ஓரிடத்தில் எழுதிச் சரிபார்த்த நிரல்கூறு வேறொரு சோதனையிலும் இயங்குகிறது.

ஒப்பந்தத்தை மீறினால் நேர்வதென்ன? 100 பேரில் 40 பேருக்கு ஏதேனும் பாதக நிகழ்வும், அவர்களுள் 10 பேருக்குத் தலைவலியும் நேர்ந்ததாகக் கொள்வோம். தலைவலியின் வீதம் 10 விழுக்காடு. பகுதியை (வகுக்கும் எண்ணை) ஏடிஎஸ்எல்லிலிருந்து எடுக்காமல் ஏடிஏஈயிலிருந்து எடுக்கும் நிரல்கூறு அதனை 25 விழுக்காடு எனக் காட்டும். நிகழ்வே நேராத 60 பேர் கணக்கிலிருந்து மறைந்துவிடுவர். திரையில் பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. எனவே வடிகட்டி எந்தக் கோப்பின்மீது செயற்படுகிறது என்பதைப் பயனர் அறியும்படி காட்டுவது நிரல்கூறு எழுதுவோரின் கடமை.

வடிகட்டியின் சுதந்திரம்

2022இல் ஆர் கூட்டமைப்பின் பணிக்குழு, சிடிஸ்க்கின் மாதிரித் தரவைக் கொண்டு கட்டிய ஷைனி செயலி ஒன்றை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்திற்கு முன்னோட்டமாக அனுப்பியது. ஊடாடும் செயலியை விண்ணப்பத்தின் பகுதியாக அனுப்ப இயலுமா என்னும் தொழில்நுட்ப வினாவுக்கு அம்முயற்சி வழிகாட்டிற்று. புள்ளியியல் வினா இதனினும் கடினமானது.

மாரடைப்பு ஐயமுற்ற 17,187 பேரிடம் நடந்து, 1988இல் வெளியான ‘ஐசிஸ்-2’ சோதனையில் ஆஸ்பிரின் இரத்தநாள இறப்பை 23 விழுக்காடு குறைத்தது. நோயாளிகளை மேலைச் சோதிட முறைப்படி ராசிகளாகப் பிரித்தபோதோ, மிதுனத்தாருக்கும் துலாத்தாருக்கும் ஆஸ்பிரின் சற்றே தீங்கு செய்ததாகத் தோன்றிற்று! உட்குழுப் பகுப்பாய்வை நம்புவோருக்கு எச்சரிக்கையாகவே ஆய்வாளர்கள் அதனை வெளியிட்டனர். உண்மையில் எவ்வேறுபாடும் இல்லாத நிலையிலும், 5 விழுக்காட்டு வரம்பில் 20 தனித்தனிச் சோதனைகள் செய்தால் ஒன்றேனும் பொய்யாக வெளிப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. வடிகட்டிப் பலகத்தில் இருபது உட்குழுக்களைப் பார்க்க அரைமணி நேரம் போதும்.

ஒரு காட்சியை உருவாக்கிய நிரலை டீல் எடுத்துக் காட்டுகிறது. அதனால் யாரும் அதனை மீண்டும் பெறலாம். எனினும் அந்நிரல் பதிவு செய்வது கடைசியாக நின்ற வடிகட்டியை மட்டுமே. அதற்குமுன் பார்த்துக் கைவிட்ட பத்தொன்பது உட்குழுக்கள் அதில் இல்லை. பாதுகாப்புத் தரவில் இதனாற் பெருந்தீங்கில்லை. அங்கே தவறவிடுவதே பெரும்பிழை. மருந்தின் பயனை அளக்கும் காட்சிகளிலோ, வடிகட்டி மாறியவுடன் பி-மதிப்பு திரையிலிருந்து நீங்கி, விளைவின் அளவும் நம்பக இடைவெளியும் மட்டுமே நிற்குமாறு நிரல்கூறு அமைதல் வேண்டும். பயனர் திறந்த வடிகட்டிகள் அனைத்தும் வரிசை மாறாமல் பதிவாகி, ஏற்றுமதியாகும் அறிக்கையோடு செல்லுதலும் வேண்டும். நிரலளவில் இவை சில வரிகளே. சட்டகத்தின் இயல்புநிலையாக இவற்றை வைப்பதா, பயனரின் விருப்பத்திற்கு விடுவதா என்பதே இன்று முடிவு செய்ய வேண்டியது.