மீட்டர் பேசும் வீடு – 6: சார்ஜரும் கீசரும்

சென்ற வாரம் கேஸ் அடுப்பைப் பார்த்தோம். இந்த வாரம் மின்சாரம்.

படுக்கப்போகும்முன் செல்போன் சார்ஜரைப் பிளக்கிலிருந்து கழற்றிவைப்பது எங்கள் வீட்டில் நெடுநாள் பழக்கம். அதனால் என்ன மிச்சம் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். போன் மாட்டாத சார்ஜர் இழுப்பது கால் வாட்கூட இருக்காது. இரண்டு மாதம் கழற்றாமலே விட்டாலும் அரை யூனிட் தேறாது. அதே வீட்டில் 2,000 வாட் கீசர் தினமும் அரை மணி நேரம் ஓடுகிறது. இரண்டு மாத பில்லில் அது 60 யூனிட்.

பழைய சீலிங் ஃபேன் 75 வாட். நாளுக்கு 16 மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட், அதுவும் ஒரு ஃபேனுக்கு. 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் 29 யூனிட்தான். ஏ.சி.க்கு மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொண்டால், இரவு 8 மணி நேரத்துக்கு 480 யூனிட் ஆகிவிடுகிறது. குளிர்விப்பதும் சூடாக்குவதும்தான் மின்சாரத்தைத் தின்கின்றன. சார்ஜர் அல்ல.

இந்த யூனிட் எங்கிருந்து வருகிறது? காற்றாலையும் சூரிய ஒளியும் நம் மாநிலத்தில் நிறையவே உண்டு. ஆனால் இரவில் நாம் ஏ.சி. போடும் நேரத்தில் பெரும்பாரம் அனல் மின் நிலையங்களின் தலையில்தான். அங்கே ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ நிலக்கரி எரிகிறது. இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சாம்பல். எண்ணூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். அனல் மின் நிலையக் குழாயிலிருந்து கசிந்த சாம்பல், கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் சேறாகப் படிந்திருக்கிறது. இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த மீனவர்கள் அந்தச் சேற்றில்தான் வலை போடுகிறார்கள். என் அறை குளிர்வதற்கான விலையில் ஒரு பகுதியை அவர்கள் கொடுக்கிறார்கள். அது என் பில்லில் வருவதில்லை.

ஒரே ஃபேன், இரண்டு பல்பு, ஒரு டிவியோடு 100 யூனிட்டுக்குள்ளேயே இரண்டு மாதத்தை ஓட்டும் குடும்பங்கள் ஏராளம். மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழியுங்கள் என்று அவர்களிடம் சொல்ல நமக்கு அருகதை இல்லை. துணிப்பை தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டு, வந்ததும் ஏ.சி.யை 18-இல் வைக்கிறவர்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது. 24-இல் வைத்து மேலே ஃபேனையும் சுற்றவிட்டால் போதும். ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு.

மொட்டை மாடியையும் மறந்துவிடாதீர்கள். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவில் அந்தச் சூட்டை வீட்டுக்குள் இறக்குகிறது. கோடை தொடங்குமுன் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிட்டால் அறைச் சூடு தணியும். செலவும் அதிகமில்லை.

இன்று இரவு படுக்குமுன் மீட்டர் ரீடிங்கை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் மறுபடி பாருங்கள். நீங்கள் தூங்கிய நேரத்தில் எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)